சாக்பீஸ் சுவரும் ஒரு முழம் ஜெல்லியும்: வீட்டுப் பாதுகாப்புக்குத் தோட்டா வாங்கும் முன்

டெக்சஸுக்குக் குடிவந்த புதிதில் என் பையன் விளையாட்டு வேகத்தில் படுக்கையறைக் கதவை ஒரு தள்ளு தள்ளினான். கதவு போய்ச் சுவரில் மோதியது. கைப்பிடிக் குமிழ் சுவருக்குள்ளேயே புதைந்துவிட்டது. கதவை இழுத்தால் வட்டமாக ஓர் ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே காலி. விரல் நுனியில் வெள்ளைத் தூள். ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அன்றுதான் தெரிந்தது, இந்த ஊரில் சுவர் என்பது பார்வையை மறைக்கிற ஏற்பாடு மட்டுமே என்று.

வார இறுதி விருந்துகளில் துப்பாக்கிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டை ஞாபகம் வரும். ஒருவர் சொல்வார்: "நான் ஹாலோ பாயிண்ட் தோட்டாதான் வாங்கியிருக்கேன், அது சுவரைத் தாண்டாது." இன்னொருவர்: "ஷாட்கன் வைங்க பாஸ், அதுதான் சேஃப்." மூன்றாமவர்: "ரைபிள் மட்டும் வேண்டாம், பக்கத்து வீடு வரைக்கும் போயிடும்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்ச உண்மைதான் ஆபத்து.

அமெரிக்காவில் இது ஒரு சிலருடைய கவலை மட்டும் கிடையாது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள்; அவர்களில் 72 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு முக்கியக் காரணம். எப்போது சுடலாம், சட்டம் என்ன சொல்கிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதற்குள் நான் போகவில்லை. வீட்டுக்குள் சுடப்பட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்பது மட்டுமே இங்கே பேச்சு.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்து சொல்கிறோம். கடையில் பெட்டியாக வாங்குவது தோட்டா. பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் சிறு மூடி, மேலே ஒரு குண்டு, இவ்வளவும் சேர்ந்தது அது. சுட்டதும் கூடு நம் காலடியில் விழும். பறப்பது குண்டு மட்டும்.

பெட்டியில் "9 மி.மீ., 124 கிரெய்ன்" என்று போட்டிருக்கும். முதலாவது குண்டின் குறுக்களவு. இரண்டாவது எடை. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்து நிறுத்ததைப் போல, கிரெய்ன் என்பது தானிய மணியிலிருந்து வந்த பழைய எடைக் கணக்கு. 124 கிரெய்ன் என்றால் ஒரு பவுன் தங்கம், அதாவது 8 கிராம். அந்த ஒரு பவுன் ஈயமும் செம்பும் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது.

இலக்கைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய், யாரையோ எதையோ தாக்குவதை மிகை ஊடுருவல் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் ஓவர் பெனட்ரேஷன் என்பார்கள். குறி தவறிய குண்டு நேராகச் சுவரைத் துளைத்துப் போவதையும் அதே பெயரால் குறிப்பிட்டுவிடுகிறார்கள். குழப்பம் தொடங்குவது இங்கேதான். இரண்டும் வேறு வேறு பிரச்சினை, மருந்தும் வேறு.

சுவர் என்றால் என்ன சுவர்?

இங்கே உள்சுவர்கள் டிரைவாலால் ஆனவை. டிரைவால் என்பது அரை அங்குலத் தடிமனுள்ள ஜிப்சம் பலகை, இரண்டு பக்கமும் தடித்த காகிதம் ஒட்டியது. ஜிப்சம் நமக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் அதிலிருந்து செய்வதுதான். மரச்சட்டங்களைப் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை அடித்துவிடுவார்கள். மொத்தம் நாலரை அங்குலம். அதில் மூன்றரை அங்குலம் வெறும் காற்று. சட்டத்தின் மேலேயே பட்டால் கதை கொஞ்சம் மாறும். ஆனால் சட்டம் ஒன்றரை அங்குல அகலம்தான், அதை நம்பிச் சுட முடியாது.

வெளிச்சுவரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. டெக்சஸ் புறநகர் வீடுகள் பலவற்றில் தெருவைப் பார்த்த முகப்பில் செங்கல் இருக்கும். பின்பக்கமும் மாடியும் பல வீடுகளில் பலகைதான்: மெல்லிய சிமெண்ட் நார்ப் பலகை, ஒட்டுமரப் பலகை, நடுவே பஞ்சு, உள்ளே மறுபடியும் சாக்பீஸ். செங்கல் பெரும்பாலான கைத்துப்பாக்கிக் குண்டுகளை நிறுத்திவிடும். மற்றது நிறுத்தாது.

அப்படியானால் ஒரு சுவரைக் கடக்க குண்டு என்ன செய்ய வேண்டும்? நான்கு தாள் தடித்த காகிதத்தையும் ஒரு அங்குலம் சாக்பீஸையும் கடக்க வேண்டும். அவ்வளவே.

ஏன் "சுவரைத் தாண்டாத குண்டு" விற்பனையில் இல்லை

1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மியாமியில் இரண்டு கொள்ளையர்களுக்கும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் நடுரோட்டில் துப்பாக்கிச் சண்டை. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையன்மீது 9 மி.மீ. குண்டு பட்டிருந்தது. அது அவன் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்து, இதயத்தை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான்.

அதற்குப் பிறகு எஃப்.பி.ஐ. குண்டுகளுக்கு ஒரு பரீட்சை வைத்தது. தசைக்கு ஈடாக, பத்துக்கு ஒரு பங்கு ஜெலட்டின் கலந்த ஜெல்லியைக் கட்டியாக உறைய வைத்து அதில் சுடுவார்கள். குண்டு குறைந்தது 12 அங்குலம் உள்ளே போக வேண்டும், 18 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். நம் அளவில் சொன்னால், ஒரு அடிக்குக் குறையக்கூடாது, ஒரு முழத்தைத் தாண்டக்கூடாது. மனித மார்பு ஒரு அடி ஆழமா என்று கேட்கலாம். எதிரில் நிற்பவன் கையை நீட்டியிருப்பான், பக்கவாட்டில் திரும்பியிருப்பான்; குண்டு கையையும் கடந்து உள்ளே போக வேண்டியிருக்கும். மியாமியில் நடந்தது அதுதான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு அடி ஜெல்லியைத் துளைக்க வல்ல குண்டுக்கு ஒரு அங்குலச் சாக்பீஸ் எம்மாத்திரம்? ஆளை நிறுத்தும் குண்டு சுவரைத் தாண்டும். சுவரைத் தாண்டாத குண்டு ஆளை நிறுத்தாது. கடையில் எந்தப் பெட்டி வாங்கினாலும் இந்தக் கணக்கு அதற்குள் இருக்கிறது. நல்ல தோட்டா, மோசமான தோட்டா என்பதெல்லாம் இதற்குள் நடக்கும் பேரம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இங்கத்திய உள்சுவர் காற்றடைத்த சாக்பீஸ் பெட்டி; தற்காப்புக்கு லாயக்கான குண்டு எதுவானாலும் அதைக் கடந்துவிடும். கடந்த பிறகு எவ்வளவு தூரம், எவ்வளவு வலுவோடு போகும் என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு.

குடை விரிந்தால், விரியாவிட்டால்

கைத்துப்பாக்கிக் குண்டில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். முழுவதும் செம்பு உறை போர்த்திய, முனை உருண்ட குண்டு ஒன்று. இதை எஃப்.எம்.ஜே. என்பார்கள். விலை குறைவு, பயிற்சிக்கு இதைத்தான் சுடுவோம். மற்றது ஹாலோ பாயிண்ட். முனையில் குழி உள்ளது. குழிமுனைக் குண்டு என்று வைத்துக்கொள்வோம்.

மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு திருவிழாக் கூட்டத்துக்குள் போனால் சுலபமாக நுழைந்துவிடலாம். அதையே விரித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், நாலடிக்கு மேல் நகர முடியாது. எஃப்.எம்.ஜே. மடக்கிய குடை. 9 மி.மீ. அளவில் அது ஜெல்லிக்குள் இரண்டு அடியைத் தாண்டி ஓடும். குழிமுனைக் குண்டு ஈரமான தசைக்குள் போனதும், ஈரம் குழிக்குள் அழுத்தமாக ஏறி விளிம்பைப் பூவிதழ் போல வெளியே மடக்குகிறது. 9 மி.மீ. இருந்தது 14, 15 மி.மீ. ஆகிறது. குடை விரிந்தாகிவிட்டது, ஒரு முழத்துக்குள் நின்றுவிடும்.

(இந்தக் குழிமுனையின் முன்னோடிகளில் ஒன்று நம் நாட்டுக்காரர். கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890-களில் ஆங்கிலேயர்கள் செய்த விரியும் குண்டுதான் டம்டம் குண்டு. 1899 ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது. போரில் தடை, ஆனால் அமெரிக்கப் போலீஸ் தினமும் இடுப்பில் சுமப்பது அதே வகைக் குண்டுதான். காரணம் இரக்கம் அல்ல, ஆளைத் துளைத்து மறுபக்கம் போகாமல் உள்ளேயே நிற்கும் என்ற கணக்கு.)

சரி, இந்தக் குடை சுவரில் பட்டால்? அதையும் ஒரு நாள் பார்த்தோம். ஊருக்கு வெளியே நண்பரின் நிலத்தில் இரண்டு டிரைவால் துண்டுகளை மூன்றரை அங்குல இடைவெளியில் நிறுத்தி, பின்னால் தண்ணீர் கேன்களை வரிசையாக வைத்தோம். சுவர் இல்லாமல் நேராகத் தண்ணீரில் சுட்ட குண்டு மூன்றாவது கேனில் கிடந்தது, பூவாக விரிந்து. சுவர் வழியாகச் சுட்டது ஐந்தாவது கேனில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் கொஞ்சம்கூட விரியவில்லை. முனைக் குழி, பாட்டியின் சுண்ணாம்பு டப்பா மாதிரி, வாய்வரை வெள்ளையாக அடைத்திருந்தது. ஜிப்சமும் காகிதமும் குழியை மூடிவிட்டதால் ஈரம் ஏற இடமில்லை. குழிமுனைக் குண்டு, சுவரைக் கடக்கும்போதே எஃப்.எம்.ஜே.யாக மாறிவிட்டது.

தோட்டா தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். சிலர் குழிக்குள் மிருதுவான பிளாஸ்டிக்கை வைத்து அனுப்புகிறார்கள், தூள் அடைக்காமலிருக்க. அது சுவருக்குப் பின்னாலும் விரிய உதவும். சுவரில் நிற்க உதவாது.

ஆக, "ஹாலோ பாயிண்ட் சுவரைத் தாண்டாது" என்பது தவறு. ஆள்மீது பட்டால் ஆளுக்குள் நிற்கும் என்பது சரி. குறி தவறினால், வீட்டில் வரிசையாக உள்ள மூன்று நான்கு சுவர்களைக் கடந்து போக அதற்கு வலு உண்டு.

பம்பரம் கல்லில் பட்டால்

இப்போது ரைபிள். ஏ.ஆர். வகை ரைபிளில் போடும், .223 என்ற அளவுள்ள குண்டு 55 கிரெய்ன், மூன்றரை கிராம்தான். ஆனால் வேகம் விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல். ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அதன்படி 9 மி.மீ.யைப்போல் மூன்று மடங்கு. அப்படியானால் மூன்று மடங்கு சுவர்களைத் தாண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

நடப்பது வேறு. இந்தக் குண்டு நீளமானது, மெலிந்தது, எடை பின்பக்கம் கூடியது. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகள் அதைப் பம்பரம்போலச் சுழற்றி விடுகின்றன. அந்தச் சுழற்சியால்தான் அது முனை முன்னே நேராகப் பறக்கிறது. சுற்றும் பம்பரத்தின் ஆணி ஒரு கல்லில் இடறினால் என்ன ஆகும்? தள்ளாடும், சாயும், உருளும். டிரைவாலில் பட்ட .223 குண்டும் அப்படித்தான் தள்ளாடத் தொடங்குகிறது. பக்கவாட்டில் சாய்ந்தபின் அடுத்த பலகையில் முனை படுவதில்லை, உடம்பு படுகிறது. மெல்லிய உறையும் அசுர வேகமும் சேர்ந்தால் சில வகைகள் சுக்குநூறாக உடையவும் செய்யும். அந்த ஆற்றல் முதல் இரண்டு சுவர்களிலேயே வேகமாகச் செலவாகிவிடுகிறது.

9 மி.மீ. குண்டோ குட்டையான உருண்டை. அதைச் சாய்ப்பது கடினம். மெதுவாகப் போனாலும் வளைந்து கொடுக்காமல் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்கப் போலீஸின் அதிரடிப் படைகள் பல, 9 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகளை விட்டுவிட்டுக் குட்டை ரைபிளுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் கடைக்கு ஓட வேண்டாம். மேலே சொன்னது லேசான, எளிதில் உடையும் குண்டுக்குத்தான். பச்சை முனை என்று சொல்லப்படும் இராணுவ வகையில் எஃகு முனை உள்ளே இருக்கிறது. கனமான குண்டுகளும் உறுதியாகக் கட்டிய குண்டுகளும் இவ்வளவு சீக்கிரம் உடையாது. உடையும் வகையும் முதல் சுவரைக் கடந்து, அந்தப் பக்கம் இருப்பவரைக் கொல்லப் போதுமானது. மூடிய அறைக்குள் ரைபிள் சத்தம் காதை என்ன செய்யும் என்பது தனிக்கதை.

ரவை: பெரிதும் சிறிதும்

ஷாட்கன் தோட்டாவில் ஒரே குண்டுக்குப் பதில் பல ரவைகள். ஊரில் நாட்டுத் துப்பாக்கிச் செய்திகளில் பால்ரஸ் குண்டு என்று படித்திருப்போம். கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. வீட்டுப் பாதுகாப்புக்குப் பலரும் வைக்கும் டபுள் ஓ பக் என்ற வகையில், ஒரு தோட்டாவுக்கு எட்டு அல்லது ஒன்பது ரவை, ஒவ்வொன்றும் 8.4 மி.மீ. குறுக்களவு, மூன்றரை கிராம். ஒவ்வொரு ரவையையும் ஒரு சிறிய கைத்துப்பாக்கிக் குண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். இதுவும் பல சுவர்களைத் தாண்டும், ஒன்பது வழியாக.

பறவை வேட்டைக்கான பொடி ரவை 2.3 மி.மீ. அளவு, ஒரு அவுன்ஸில் நானூறு சொச்சம் இருக்கும். இது சுவருக்குச் சாது என்று பேர் வாங்கியது. ஓரளவு உண்மை: ஒரு சுவரைக் கடந்ததும் சிதறி வலுவிழக்கும். ஆனால் அறைக்குள் நாலைந்து கெஜ தூரத்தில் அது பொடியாகப் போவதில்லை, கிட்டத்தட்ட ஒரே கொத்தாகப் போய் டிரைவாலைக் கிழித்துவிடும். உடம்பில் பட்டாலோ கோரமாகக் கிழிக்கும், ஆழமாகப் போகாது. எஃப்.பி.ஐ.யின் ஒரு அடிக் கணக்கை அது எட்டுவதே இல்லை.

"ஷாட்கனுக்குக் குறி பார்க்க வேண்டாம், பரவலாக விழும்" என்பதும் இதோடு சேர்ந்த பேச்சு. பழைய தோராயக் கணக்கில் ஒரு கெஜத்துக்கு ஒரு அங்குலம் விரியும். ஹாலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐந்து கெஜம் என்றால், ரவைகள் விழும் வட்டம் ஒரு சாண்கூட இருக்காது.

ஷாட்கனில் ஒற்றைக் குண்டு வகையும் உண்டு, ஸ்லக் என்று பெயர். ஒரு அவுன்ஸ், 28 கிராம் ஈயம். மான் வேட்டைக்கானது. வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை.

செம்புத் தூளை அழுத்திச் செய்த நொறுங்கும் குண்டு என்று ஒன்றையும் காட்டுவார்கள். எஃகில் பட்டால் மாவாகும் என்பது உண்மை. பயிற்சிக் களங்களில் அது தெறித்துத் திரும்பாமலிருக்கத்தான் செய்தார்கள். சாக்பீஸில் பட்டால்? நொறுங்கும் அளவுக்கு அது கடினமாக இல்லை. அப்படியே போகும்.

தவறிய குண்டு

இவ்வளவு நேரம் பார்த்த வித்தியாசங்களைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு. நியூயார்க் போலீஸைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிரியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்டவற்றில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. எதிரி சுடாதபோது 30 சதவீதம். இவர்கள் பயிற்சி பெற்றவர்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு, கை நடுங்க, கண்ணாடியைத் தேடும் ஒருவருடைய கணக்கு இதைவிட நன்றாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஐந்தில் நான்கு தவறுகிறது என்றால், ஆளைத் துளைத்து மறுபக்கம் போகும் குண்டு சின்னக் கவலை. எதையும் தொடாமல் முழு வேகத்தோடு சுவருக்குப் போகும் குண்டுதான் பெரிய கவலை. அதற்குக் குழிமுனையோ விலை கூடிய பெட்டியோ மருந்தில்லை. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பதும், கை பழகும்வரை பயிற்சிக் களத்துக்குப் போவதும்தான் மருந்து. துப்பாக்கிப் பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தரும் நான்கு விதிகளில் கடைசி விதி, குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள் என்பதுதான்.

அப்புறம் என்னதான் வாங்குவது என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம்: கைத்துப்பாக்கி என்றால், எஃப்.பி.ஐ. அளவுகோலில் தேறிய குழிமுனைத் தோட்டா. பயிற்சிக்கு வாங்கிய எஃப்.எம்.ஜே.யைக் கண்டிப்பாக வீட்டுப் பாதுகாப்புக்குப் போட்டு வைக்கக்கூடாது. ரைபிள் என்றால், லேசான, விரியும் அல்லது உடையும் வகை. ஷாட்கன் என்றால் பக் வகை, ஸ்லக் கூடாது. எதுவானாலும் அதே தோட்டாவில் ஒரு பெட்டியாவது உங்கள் துப்பாக்கியில் சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இதற்கு மேல் பெட்டிக்குப் பெட்டி ஒப்பிட்டு இரவெல்லாம் வீடியோ பார்ப்பதில் பலன் குறைவு.

ஒரு பென்சில், ஒரு வீட்டுப் படம்

போன வருடம் நண்பர் ஒருவர் தோட்டா விஷயமாகவே என்னைக் கூப்பிட்டார். இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்து, எது நல்லது என்றார். நான் வீட்டின் தரைப்படத்தைக் கேட்டேன். மாடி மட்டும் போதும் என்றேன்.

அவர் படுக்கையறை வாசலில் நிற்பதாக வைத்து, அங்கிருந்து மாடிப்படியின் தலைக்குப் பென்சிலால் ஒரு கோடு. யாராவது ஏறி வந்தால் அங்கேதான் தெரிவான். கோட்டை நிறுத்தாமல் நீட்டினோம். மாடிப்படி, அதற்குப் பின்னால் ஒரு சுவர், அதற்குப் பின்னால் மகளின் அறை. கோடு கட்டிலின் தலைமாட்டில் போய் முடிந்தது. நண்பர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வாசலிலிருந்து இரண்டடி இடப்பக்கம் தள்ளி இன்னொரு கோடு போட்டோம். அது படியின் கீழ்நோக்கிச் சரிந்து, கீழே முகப்புச் செங்கல் சுவரில் முடிந்தது. ஆனால் ஆள் படியில் பாதி ஏறும்போது மட்டும்தான் அந்தக் கோடு சரி. மேலே வந்துவிட்டால் மறுபடி மகளின் அறைதான். அப்படியானால் செய்யக்கூடியது, மகளைத் தங்கள் அறைக்குள் இழுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, அவசர உதவி எண் 911-க்குக் கூப்பிட்டு, உள்ளேயே இருப்பது. அந்த அறையில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தால் எதிரே என்ன வருகிறது என்று மூன்றாவது கோடு போட்டோம்: கதவு, நடை, குளியலறை, வெளிச்சுவர், அதற்கப்பால் ஓடை. அந்தத் திசையில் வீடு எதுவும் இல்லை.

தோட்டாப் பெட்டிகள் மேசையிலேயே இருந்தன. நண்பர் மாடிக்குப் போனார். கட்டில் கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நானும் போய் மறுமுனையைப் பிடித்தேன். கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட அரை மணி நேரம் ஆயிற்று. மகள் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னல் பக்கம் காற்று வரும் என்றார் அவள் அப்பா.